கிலோ 750 ரூபாய் என்கிறார்கள், எந்தக் கிலோ?

கீழ்ப்பழனி மலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர், ஊர் நீங்கலாகக் கடிதத்தின் சாரம் இது.

நான்கு ஏக்கர் அரபிக்கா காபி. ஊடே மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு, வாழை. கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு; பட்டா மாமனார் பெயரில். வருடத்துக்குச் சுமார் 5,000 கிலோ பழம் வருகிறது. வீட்டிலேயே பழத்தோல் உரிக்கும் பல்பரில் போட்டு, கழுவி, களத்தில் காயவைத்து, 50 கிலோ மூட்டையாக 20 மூட்டை பார்ச்மெண்ட், அதாவது உள்தோல் நீக்காத காய்ந்த கொட்டை, விற்கிறார். அடிவாரத்து வியாபாரி ஒருவர் ஆனி மாதத்தில் 60,000 ரூபாய் முன்பணம் தருகிறார். வட்டி கேட்பதில்லை, விளைந்ததை அவருக்கே போட வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. போன பருவத்தில் முன்பணம் வாங்காத அக்கம்பக்கத்தாருக்கு மூட்டை 26,000 ரூபாய் கிடைத்தது. இவருக்கு 25,000.

இப்போது சென்னையிலிருந்து ஒரு காபி வறுப்பு நிறுவனம் வந்திருக்கிறது. 'ஸ்பெஷாலிட்டி காபி, நேரடிக் கொள்முதல், கிலோ 750 ரூபாய்' என்கிறார்கள். பழுத்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். கப்பிங்கில், அதாவது காபியைச் சுவைத்து மதிப்பெண் போடும் சோதனையில், 84 மதிப்பெண் வர வேண்டும். சரக்கு எடுக்கும்போது 40 விழுக்காடு பணம், கப்பிங் முடிவுக்குப் பிறகு மீதி. மூன்று வருடம் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விற்றால் 2 லட்சம் கட்ட வேண்டும். பாக்கெட்டில் இவர் படமும் பெயரும் வரும். தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் வேண்டுமாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். கைபேசியில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறார்.

கேள்விகள்: கையெழுத்துப் போடலாமா? கடையில் 250 கிராம் 600 ரூபாய்க்கு விற்கிறவர்கள் எனக்கு 750 மட்டும் தருவது நியாயமா? மாமனார் சொல்வதுபோல் காபி போர்டு விலை கட்டித் தராதா? ஃபேர்டிரேட் என்கிற நியாய வணிகச் சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? புள்ளியைக் கொடுத்தால் நிலம் பறிபோகுமா? வரி கட்ட வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களில் ஐந்தாம் பக்கத்தை மறுபடி பாருங்கள். அட்டவணையின் முதல் வரி. 750 ரூபாய் பழத்துக்கு இல்லை, பார்ச்மெண்டுக்கும் இல்லை. தோல் நீக்கி, தரம் பிரித்து, 15 எண் சல்லடையில், அதாவது 6 மில்லிமீட்டர் துளையில் நிற்கும், வறுக்காத பச்சைக்கொட்டைக்கு மட்டுமே அந்த விலை. நீங்கள் மூட்டைக் கணக்கில் யோசித்து, 50 கிலோவுக்கு 37,500 ரூபாய் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. வறுப்பவர் பச்சைக்கொட்டைக் கிலோவில்தான் யோசிப்பார், விவசாயி பார்ச்மெண்ட் மூட்டையில் யோசிப்பார். ஒரே 'கிலோ'வைச் சொல்லி இருவரும் வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. அதை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே அவர்கள் உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் என் குறை.

மூட்டைக் கணக்கு

சுமார் 5 கிலோ பழத்துக்கு 1 கிலோ பார்ச்மெண்ட். 50 கிலோ பார்ச்மெண்டைத் தோல் நீக்கினால் சுமார் 40 கிலோ பச்சைக்கொட்டை. அந்த 40 கிலோவில் சல்லடையிலும் கைப்பொறுக்கலிலும் 30 கிலோ தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோவுக்கு 750 வீதம் 22,500 ரூபாய். மீதி 10 கிலோவைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதில் உடைசல், ஓட்டைக்கொட்டை மட்டும் இல்லை. ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளைகிற பீபெரியும் இருக்கும். சிறியது என்பதால் சல்லடையில் விழுமே தவிர, சுவையில் அது தாழ்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த 10 கிலோவைக் கிலோ 400 என்று யாரோ எடுத்துக்கொண்டால் 4,000. ஆக மூட்டைக்கு 26,500 ரூபாய்.

முன்பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் 26,000 வாங்கினார். நீங்கள் 500 ரூபாய் கூடுதல். ஆனால் பழுத்ததை மட்டும் பறிக்கும்போது கூலி என்ன ஆகிறது? உங்கள் கடிதத்தின்படி வழக்கமான பறிப்பில் ஒரு ஆள் நாளுக்கு 40 கிலோ, பழுத்ததை மட்டும் பொறுக்கினால் 25 கிலோ, கூலி 450. ஒரு மூட்டை பார்ச்மெண்டுக்கு 250 கிலோ பழம் வேண்டும். முன்பு ஆறேகால் ஆள். இப்போது பத்து ஆள். கூடுதல் கூலி மட்டும் 1,690 ரூபாய்க்கு அருகில். உயர்த்திய மேடையில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு வாரம் கிளறி, பொறுக்கி எடுக்க மூட்டைக்கு இரண்டு ஆள் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் 900. ஆக, 26,000 ரூபாய் மூட்டைக்கு ஏறத்தாழ 2,600 ரூபாய் புதிய செலவு. 28,600-க்குக் கீழே எந்த விலை வந்தாலும் அது உங்களுக்குக் கூடுதல் விலை அல்ல, நட்டம். தோல் நீக்கும் கூலியும் வண்டி வாடகையும் யார் தலையில் என்பது தனி. அதையும் ஒப்பந்தம் சொல்லவில்லை.

அதனால் விலையைப் பார்ச்மெண்ட் மூட்டைக்குப் பேசுங்கள். உங்கள் களத்தில், உங்கள் கண்முன் எடை. மூட்டைக்கு 31,000 ரூபாயில் பேச்சைத் தொடங்குவது தவறில்லை. நாற்பது கிலோ பச்சைக்கொட்டைக்கு அது கிலோ 775 ஆகிறது. அவர்கள் வாய்விட்டுச் சொன்ன விலையிலிருந்து பெரிய தூரம் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், தரம் பிரிப்பில் விழுகிறதும் பீபெரியும் அவர்கள் கணக்கில் போகும். சல்லடை, கல் நீக்கும் இயந்திரம், விற்பனை வழி எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது அந்த இடரை அவர்கள் சுமப்பதுதான் முறை.

சந்தை ஏறினால்? இறங்கினால்? அந்தந்த நாளின் உள்ளூர் பார்ச்மெண்ட் விலை, அதற்கு மேல் மூட்டைக்கு 5,000 என்று ஒரு வாசகம். எந்த நிலையிலும் இன்ன தொகைக்குக் குறையாது என்று இன்னொரு வாசகம். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். 'விலை வருடாவருடம் பரஸ்பர சம்மதத்தில்' என்று இப்போது இருப்பதை நீக்குங்கள். உங்களை மூன்று வருடம் கட்டிப்போட்டுவிட்டு விலையை மட்டும் திறந்து வைப்பதில் உங்களுக்கு என்ன பாதுகாப்பு? நியூயார்க் சந்தையில் அரபிக்கா 2019-இல் ஒரு பவுண்டு 1 டாலருக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. இப்படி ஆடுகிற பொருளுக்குத் தரைவிலை இல்லாத மூன்று வருட ஒப்பந்தம் போடக் கூடாது.

84 மதிப்பெண்ணும் யாருடைய நாக்கும்

'ஸ்பெஷாலிட்டி' என்றால் இயற்கை விவசாயம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இது குறைபாட்டையும் சுவையையும் வைத்து வரும் பெயர். வழக்கமான அளவுகோலில் 350 கிராம் பச்சைக்கொட்டையை எடுத்துக் கொட்டை கொட்டையாகப் பிரிப்பார்கள். கருங்கொட்டை, புளித்த கொட்டை, பூஞ்சை பிடித்தது போன்ற முதல்வகைக் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைசல், லேசான பூச்சிக்கடி போன்ற இரண்டாம் வகை ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பிறகு கப்பிங்: மாதிரிக்கு ஐந்து கோப்பை, 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், சுமார் 93 டிகிரி சூடு. நூற்றுக்கு 80-ஐத் தொட்டால் ஸ்பெஷாலிட்டி. உங்கள் தோட்டத்து எஸ்.795 ரகம் அங்கே போக முடியும், சந்திரகிரியும் முடியும். ரகத்தைவிட அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே பல்பரில் போட்டீர்களா என்பது கூடுதலாகப் பேசும்.

இதில் சட்டச் சிக்கல் எங்கே என்றால், 83.75-க்கும் 84-க்கும் உள்ள இடைவெளியை ஒரே நபர் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி சொல்வார் என்று உறுதி கிடையாது. ஒப்பந்தப்படி 84 வந்தால் 750, வராவிட்டால் 'சந்தை விலை'. கால் மதிப்பெண்ணுக்காகக் கிலோவுக்கு நூறு ரூபாய் சரிவு. அந்தக் கால் மதிப்பெண்ணைப் போடுவதோ வாங்குகிறவர். நல்ல மனிதர்களைக்கூட இந்த ஏற்பாடு சோதித்துவிடும்.

நான் பரிந்துரைப்பது இது. அடிப்படை விலையைக் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய விஷயங்களோடு கட்டுங்கள்: பறித்த கூடையிலிருந்து நூறு பழம் எண்ணினால் 95 பழுத்திருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் மிதந்ததை நீக்கியிருக்க வேண்டும், ஈரப்பதம் 10-க்கும் 11.5-க்கும் இடையில். இவை சரியாக இருந்தால் முழு அடிப்படை விலையும் உங்களுக்கு. மதிப்பெண் ஊக்கத்தொகைக்கு மட்டும் பயன்படட்டும்: 82-க்கு இவ்வளவு, 84-க்கு இவ்வளவு, 86-க்கு இவ்வளவு என்று படிப்படியாக.

ஈரப்பதத்தில் ஒரு நுணுக்கம். வாங்குகிறவர் 'இன்னும் கொஞ்சம் காயட்டும்' என்பார். 11 விழுக்காட்டில் 50 கிலோ இருந்தது 9.5-க்குப் போனால் 49 கிலோ 170 கிராம்தான் நிற்கும். மூட்டைக்கு 400 ரூபாய்க்கு மேல் காற்றில் போகிறது, சுவையும் தட்டையாகிறது. எந்த மீட்டர், யாருடையது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தாண்டிக்குடியில் காபி போர்டின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அங்கே ஒப்பிட்டுக் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதையும் விடாதீர்கள். எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ வீதம் மூன்று பை. மூன்றிலும் இருவர் கையெழுத்து, தேதி, அரக்கு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது உடைக்காமல் பொதுவில். சரக்கு எடுத்த 15 நாளில் மதிப்பெண்ணை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பவில்லை என்றால் மூன்றாவது பை பெங்களூரில் உள்ள காபி போர்டின் தர ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதன் முடிவு இருவரையும் கட்டும். கட்டணம் தோற்றவர் பொறுப்பு. இந்த 15 நாள் ஏன் முக்கியம் என்றால், பிப்ரவரியில் 84 வாங்கிய காபி சென்னைக் கிடங்கில் கோடையைக் கழித்துவிட்டு ஜூலையில் 81 ஆகலாம். அந்தச் சரிவு உங்கள் தோட்டத்தில் நடந்தது அல்ல.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 42-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். 'நியாயமான காலம்' எவ்வளவு என்று நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட 15 நாள் என்று எழுதிவிடுவது மலிவு.

பணமும் பூட்டும்

40 விழுக்காடு வாங்கிக்கொண்டு சரக்கை ஏற்றி அனுப்பாதீர்கள். விலை வராத விற்பனையாளருக்குச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் அது சரக்கு உங்கள் கையில் இருக்கும் வரைக்குந்தான். லாரி மலை இறங்கியபின் நீங்கள் பாக்கி வைத்தவரைத் தேடிப் போகும் வெறும் ஆள். வழக்குப் போட மூன்று வருடக் கெடு உண்டு என்பது ஆறுதல் அல்ல. களத்தில் எடை போட்டதும் அடிப்படை விலையில் 80 விழுக்காடு உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். மீதியும் ஊக்கத்தொகையும் 30 நாளில். தவறினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி. சிறிய வறுப்பகங்களுக்குக் கைமுதல் நெருக்கடி இருக்கும் என்பது உண்மை. அப்படியானால் குறைவாக வாங்கட்டும். கடனில் நிறைய வாங்குவதைவிடக் கைப்பணத்தில் ஐந்து மூட்டை வாங்குவது இருவருக்கும் நல்லது.

மூன்று வருடத் தனிவிற்பனை நிபந்தனைக்கு வருகிறேன். 'இது செல்லாது, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது' என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அரைகுறை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் விற்கக் கூடாது என்றால் அது செல்லாது. ஒப்பந்தம் நடக்கும் காலத்துக்குள் ஒருவருக்கே விற்பேன் என்று ஒப்புக்கொண்டதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. 2 லட்சம் அபராதமும் அப்படித்தான். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எது நியாயம் என்று தெரிவதற்குள் நாலைந்து பருவம் போய்விடும். உண்மையான கோளாறு வேறு: உங்கள் முழு விளைச்சலும் அவர்களுக்கே என்கிறது ஒப்பந்தம்; அவர்கள் எத்தனை மூட்டை கட்டாயம் எடுப்பார்கள் என்று சொல்லவில்லை. கட்டு ஒரு பக்கம்தான்.

தகராறு வந்தால் நிறுவனம் நியமிக்கும் ஒருவரே நடுவர் என்கிறது கடைசிப் பக்கம். தகராறில் பங்குள்ள தரப்பு தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நீதிமன்ற எல்லை என்று போடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் தமிழிலும் வேண்டும். முரண்பட்டால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்றும் ஒரு வரி.

அடிவாரத்து வியாபாரி

'வட்டி வாங்காத மனுசன்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டைக்கு 1,000 ரூபாய் குறைவு. 20 மூட்டைக்கு 20,000. அறுபதாயிரத்துக்கு ஏழு மாதத்தில் இருபதாயிரம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. வட்டி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான். கிசான் கடன் அட்டையில் அதே 60,000 எடுத்து, குறித்த தேதியில் கட்டினால் வருடத்துக்கு 4 விழுக்காடு. ஏழு மாதத்துக்கு 1,400 ரூபாய். பட்டா மாமனார் பெயரில் இருப்பதால் அட்டைக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அல்லது வங்கி கேட்கும் சாகுபடி ஆவணத்தோடு நீங்கள். இதை இந்த மாதமே தொடங்குங்கள். பறிப்பு நேரத்தில் அலைய முடியாது.

அதற்காக அவரை வில்லனாக்கவும் வேண்டாம். மழையில் நனைந்ததையும், கடைசிச் சுற்றில் உருவியதையும், தரையில் பொறுக்கியதையும் கேள்வி கேட்காமல் அன்றே பணம் கொடுத்து எடுப்பவர் அவர்தான். சென்னைக்காரர் எடுக்கமாட்டார். அந்த வழியை மூடிவிட்டால் மீதிக் காபியை எங்கே போடுவீர்கள்?

இன்னொன்று: எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் கட்டுப்பாடு இல்லை என்று நினைக்கிறீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. இந்த வருட முன்பணத்தை வாங்கியிருந்தால், வறுப்பகத்துக்கு ஒரு மூட்டை தருவதற்கு முன் அவரிடம் சொல்லி, அந்தப் பங்குக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நியாயம் எது, வெளிப்படை எது

கடை விலை 2,400, எனக்கு 750 என்ற உங்கள் கோபம் புரிகிறது. அந்த ஒப்பீட்டில் இரண்டு படி விட்டுப்போயிருக்கிறது. வறுக்கும்போது பச்சைக்கொட்டை சுமார் 16 விழுக்காடு எடை இழக்கும். ஒரு கிலோ வறுத்த காபிக்கு 1.19 கிலோ பச்சைக்கொட்டை வேண்டும். 2,400-இல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி போக 2,286. கிலோ 775 கணக்கில் உங்களுக்கு வருவது 922, அதாவது 40 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தில்தான் தோல் நீக்கல், வண்டி, எரிவாயு, ஆட்கள், வால்வு வைத்த பாக்கெட், கூரியர், வாடகை, கெட்டுப்போன சரக்கு எல்லாம். இந்தப் பங்கு மோசம் இல்லை. பங்கு விழுக்காட்டையே நியாயத்தின் அளவுகோலாக வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நீங்கள் கேட்க வேண்டியது, என் செலவு போக ஏக்கருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது. கடைக்காரர் நாளைக்கு 3,000-க்கு விற்றாலும், 1,800-க்கு இறக்கினாலும் உங்கள் கூலிச் செலவு மாறாது.

வெளிப்படைத்தன்மை என்று பாக்கெட்டில் போடப்போகிறார்கள் அல்லவா? எதைப் போடுவார்கள் என்று கேளுங்கள். உலகளவில் இப்படி விலையை வெளியிடும் வறுப்பகங்கள் பல எஃப்ஓபி விலையைச் சொல்கின்றன. அது துறைமுகத்தில் கப்பலேறும் விலை. விவசாயி கைக்கு வந்தது அல்ல. மலையிலிருந்து சென்னைக்குப் போகிற உங்கள் காபிக்குக் கப்பலே இல்லை. எனவே 'தோட்டத்தில் கொடுத்த விலை: பார்ச்மெண்ட் 50 கிலோவுக்கு இவ்வளவு, வாங்கிய அளவு இத்தனை மூட்டை, கொடுத்த தேதி' என்ற மூன்றும் அச்சாக வேண்டும். அளவு ஏன் என்கிறீர்களா? ஒரு மூட்டையை உங்களிடம் வாங்கிவிட்டு, முப்பது மூட்டைக்கு உங்கள் படத்தை ஒட்டக் கூடாது. தொகுதி எண் போட்டு, அதற்குரிய மூட்டைகள் தீர்ந்ததும் படம் இறங்க வேண்டும். படத்துக்கும் பெயருக்கும் தனிச் சம்மதக் கடிதம். ஒரு பருவத்துக்கு மட்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமையோடு. 'ஏழைப் பெண் விவசாயி' போன்ற வர்ணனை வேண்டாம் என்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள். வாசகத்தை அச்சுக்கு முன் உங்களிடம் காட்ட வேண்டும்.

ஜிபிஎஸ் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்து விளைவித்த காபியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது என்று 2023-இல் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அங்கே விற்க நினைப்பவர்கள் தோட்டத்தின் இடத்தைக் காட்டியாக வேண்டும். 4 ஹெக்டேர் வரையுள்ள நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். உங்களுடையது 1.6 ஹெக்டேர். ஒரு புள்ளியால் நிலத்தின் மீது யாருக்கும் உரிமை வராது. பட்டா நகல், ஆதார் நகல், எல்லை வரைபடம் என்று கேட்டால் மட்டும், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

காபி போர்டைப் பற்றி உங்கள் மாமனார் சொன்னது அவர் காலத்துக்கு உண்மை. விளைந்ததை எல்லாம் தொகுப்பில் சேர்த்து வாரியமே விற்று, தவணை தவணையாகப் பணம் தந்த முறை 1990-களின் நடுவில் முடிந்துவிட்டது. இப்போது காபிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. வாரியம் சந்தை விலையை அன்றாடம் வெளியிடும், ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது, மானியத் திட்டங்கள் நடத்துகிறது, கொள்முதல் செய்யாது.

ஃபேர்டிரேட் தனி விவசாயிக்குக் கிடைக்காது. காபியில் சிறு விவசாயிகளின் அமைப்புக்குத்தான் சான்று. அதன் குறைந்தபட்ச விலை, கழுவிய அரபிக்காவுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து பவுண்டுக்கு 1.80 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் பச்சைக்கொட்டைக் கிலோ 337 ரூபாய். போன பருவத்து உள்ளூர் விலையே மூட்டை 26,000, அதாவது கிலோ 650-க்குச் சமம். சந்தை விழும்போது தாங்கும் வலை அது, ஏறியிருக்கும்போது விலையைத் தூக்கும் கயிறு அல்ல. அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். பொதுவில் நல்ல பல்பரும் மீட்டரும் வாங்கலாம். அது அடுத்த வருடப் பேச்சு.

இந்தப் பருவத்துக்கு

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். உறவை முறிக்கவும் வேண்டாம். 'ஒரு பருவம், ஐந்து மூட்டை, மேலே சொன்ன நிபந்தனைகள்' என்று இரண்டு பக்க ஒப்பந்தம் கேளுங்கள். ஐந்து மூட்டைக்கு 1,250 கிலோ பழுத்த பழம் வேண்டும். நான்கு ஏக்கரில் அது எட்டக்கூடியதே. எந்தப் பறிப்பிலிருந்து என்பதில் கவனம். கீழ்ப்பழனியில் வடகிழக்கு மழை பறிப்புக் காலத்தின் முன்பாதியைப் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் மேடையில் போட்டது நாலு நாள் மூடாக்கில் கிடந்தால் பூஞ்சை வாடை ஏறும், ஒரு பிடி புளித்த கொட்டை மூட்டை முழுவதையும் கெடுக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரிச் சுற்றை இதற்கு ஒதுக்குங்கள். முன்சுற்றும் கடைசி உருவலும் வழக்கம்போல் அடிவாரத்துக்குப் போகட்டும். மழையால் தரம் குறைந்தால் அபராதம் இல்லை, சரக்கை நீங்கள் வேறு இடத்தில் விற்கலாம் என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழமாகவோ பார்ச்மெண்டாகவோ விற்கும் வரை அது விவசாய வருமானம். தோல் நீக்கித் தரம் பிரித்து நீங்களே பச்சைக்கொட்டையாக விற்றால் வருமானத்தில் 25 விழுக்காடும், வறுத்து அரைத்து விற்றால் 40 விழுக்காடும் வரிக்கணக்குக்கு வரும். உங்கள் அளவில் வரி கட்டும் நிலை வராது என்றாலும், பார்ச்மெண்டாக விற்க இது இன்னொரு காரணம்.

பட்டா மாமனார் பெயரில் இருப்பதால், விளைச்சலை நீங்கள் விற்கவும் பணம் உங்கள் கணக்கில் வரவும் ஆட்சேபம் இல்லை என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். நாளை பங்காளிகள் கேட்டால் காட்ட உதவும்.

அவர்கள் அனுப்பும் புதிய வரைவைப் படித்துப் பார்க்க வக்கீலுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். போகும்போது ஆங்கில ஒப்பந்தத்தின் ஆறு பக்கமும், வியாபாரியிடம் போன வருடம் வாங்கிய எடைச்சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.